குவேனிக்குக் கோரைப்பல் வைத்தது யார்?

சூனியக்காரிக்கு நல்ல பெயராகப் பார்த்து வைத்து, அவளுக்கென்று ஒரு துயரக் கதையும் எழுதி, கடைசியில் அவளையே கதாநாயகி ஆக்கிவிடுவது மேற்கத்தியரின் புது மோஸ்தர் என்றும், அது நம் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது தெரியாமல் ஆக்கிவிடும் என்றும் ஒரு பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. 2024 நவம்பரில் ‘விக்கெட்’ திரைப்படம் வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. கண்டி–மாத்தளை வீதியில், அக்குறணையைத் தாண்டி அலவத்துகொடயில் இருக்கும் எங்கள் காதிலும் அது விழுகிறது. ஓஸ் நாட்டுக் கதையைப் படித்திராதவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள் என்றால், அவர்கள் மனத்தில் இருப்பது ஓஸ் அல்ல, குவேனி. “குவேனி மனுசரைத் தின்ற பேய். ஒரு ஆணுக்காகத் தன் சனத்தையே காட்டிக்கொடுத்தவள். மகாவம்சம் சொன்னது அதுதான். இப்போதைய நாடகக்காரர்கள்தான் அவளை நல்லவளாக்கி மூலத்தைக் கெடுக்கிறார்கள்.” ஆசிரியர்கள், பெற்றோர், படித்தவர்கள் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட கருத்து இது.

இந்தக் கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன். கெடுப்பதற்கு அப்படியொரு மூலம் இல்லை. இருக்கும் பழைய நூல் இவர்கள் சொல்வதைச் சொல்லவும் இல்லை. பழிக்கப்பட்டவளின் பக்கம் நின்று கதையைத் திருப்பிச் சொல்வதை நாம் மேற்கிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய தேவையும் இல்லை.

முதலில் ஓஸ் கதையைப் பார்த்துவிடுவோம். எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய நாவலில் மேற்குத் திசைச் சூனியக்காரிக்குப் பெயரே கிடையாது. திசைதான் அவளுக்கு அடையாளம். அவளுக்கு ஒற்றைக் கண். உடம்பு பச்சை நிறம் என்று பாம் எழுதவில்லை. பச்சைத் தோல் 1939ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தில் வந்தது. டோரதியின் வெள்ளிச் சப்பாத்து சிவப்புக் கல் சப்பாத்தாக மாறியதும் அதே படத்தில்தான். கிளிண்டா நாவலில் தெற்குத் திசையின் நல்ல சூனியக்காரி. வடதிசையில் இருப்பவள் வேறொரு கிழவி. படம் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. அதே 1939இல் ருஷ்ய மொழியில் அலெக்சாந்தர் வோல்கொவ் இந்தக் கதையைத் தன் போக்கில் திருப்பி எழுதியபோது மேற்குத் திசைக்காரிக்கு பஸ்திந்தா என்று பெயர் வைத்தார். வீடு விழுந்து நசுங்கிச் சாகிறவள் அங்கே கிங்கெமா. கறுப்பின அமெரிக்கர்களின் ‘த விஸ்’ இசைநாடகத்தில் அவள் எவிலீன். கிரெகரி மக்வயர் 1995இல் எழுதிய ‘விக்கெட்’ நாவலில் எல்ஃபபா. பாமின் பெயர் முதலெழுத்துகளின் ஒலியிலிருந்து அந்தப் பெயரை அவர் உண்டாக்கினார். 2013இல் வந்த இன்னொரு படத்தில் தியடோரா. பச்சைத் தோல்காரியை ‘மூலம்’ என்று நினைத்துப் பாதுகாக்கக் கிளம்பியவர்கள் உண்மையில் பாதுகாப்பது 39 வருடம் பிந்திய ஒரு திருத்தத்தை. குவேனி விடயத்திலும் நடப்பது அச்சாக இதுதான். ஆனால் இங்கே பந்தயம் பெரியது, ஏனென்றால் எங்கள் நாட்டில் குவேனியின் கதையை யாரும் சிறுவர் கதையாகப் படிப்பதில்லை.

தீபவம்சம் மகாவம்சத்துக்கு முந்தியது. இலங்கையின் முதல் அரசன் எனப்படும் விஜயனின் வருகையை அது சொல்கிறது, அவனுடைய 700 தோழர்களைச் சொல்கிறது. குவேனியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவள் வருவது மஹாநாம தேரர் இயற்றியதாகச் சொல்லப்படும் மகாவம்சத்தின் 7ஆம் அத்தியாயத்தில். அப்படியென்றால் எல்லாரும் மூலம் என்று கைகாட்டும் மகாவம்சமே ஒரு திருப்பிச் சொல்லல்தான். முன்னிருந்த கதையில் இல்லாத ஒரு பெண்ணை அது கொண்டுவந்து சேர்க்கிறது. அவள் ஏற்கெனவே வாய்வழக்கில் இருந்திருக்கலாம். அதுவும் என் கட்சிக்குத்தான் சாட்சி. எங்கள் வீதியிலேயே மாத்தளையைத் தாண்டினால் அலுவிகாரை இருக்கிறது. பல நூற்றாண்டு வாயில் இருந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டுக்கு வந்தது அங்கேதான். ஏட்டில் ஏறுவதற்கு முன்னும் கதை ஓடிக்கொண்டிருக்கும், பின்னும் ஓடும் என்பதை இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, மகாவம்சம் என்னதான் சொல்கிறது? கரையில் ஒரு நாய் தென்படுகிறது. நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று விஜயனின் ஆள் ஒருவன் தடுத்தும் கேளாமல் அதன் பின்னால் போகிறான். குளத்தங்கரையில் மரத்தடியில் தவசிப் பெண்போல ஒருத்தி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். பாளியில் அவள் பெயர் குவண்ணா, இயக்கர் குலத்தவள். தண்ணீரில் இறங்கியவனைப் பிடிக்கிறாள், கையில் கட்டிய காப்பு நூல் இருப்பதால் அவளால் அவனைத் தின்ன முடியவில்லை, பள்ளத்தில் தள்ளுகிறாள். இப்படி ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். பிறகு விஜயன் வருகிறான். உள்ளே போன காலடிகள் இருக்கின்றன, வெளியே வந்த காலடிகள் இல்லை. கழுத்தில் சுருக்கு மாட்டி, இடக்கையால் கூந்தலைப் பற்றி, வலக்கையில் வாளை ஓங்கி, என் ஆட்களைத் திருப்பிக் கொடு என்கிறான். உயிர்ப்பிச்சை கேட்டு, அரசையும் தருகிறேன், பணிவிடையும் செய்கிறேன் என்று அவள் சொல்வது அந்த வாளுக்குக் கீழே இருந்துகொண்டு.

கோரைப்பல் இதில் எங்கே? கரிபூசிய முகம் எங்கே? விரித்த தலை எங்கே? அந்தப் பெண் கையில் நூல் இருக்கிறது. பஞ்சு, நூல், குளம், நாய், மரநிழல்: குடியிருப்பின் அடையாளம் அத்தனையும் ஐந்தாறு வரிக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. 

எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நாடக ஒத்திகை பார்த்தேன். குவேனியாக நடித்த பிள்ளைக்குப் பத்தாம் தரம் இருக்கும். முகமெல்லாம் கரி. வாயில் மாட்டுவதற்கு வெள்ளை ரெஜிபோமில் வெட்டிய இரண்டு பற்கள். அவை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தரமும் பசை தடவி ஒட்டினார்கள். மூன்று நான்கு தடவைக்குப் பிறகு அந்தப் பிள்ளை கேட்டாள்: “சேர், அவங்க நூல் நூத்துக்கிட்டு இருந்தாங்கன்னுதானே புத்தகத்துல இருக்கு? பல்லு எதுக்கு?” ஆசிரியர் கெட்டவரல்லர், பிள்ளைகள்மேல் பிரியமானவர். “பல்லு இல்லாட்டி பேய்னு எப்படிம்மா சனத்துக்குத் தெரியும்?” என்றார். நம் நாட்டில் குவேனி பற்றி நடக்கும் மொத்த விவாதமும் இந்த ஒரு கேள்விக்குள்ளும் ஒரு பதிலுக்குள்ளும் அடங்கிவிடுகிறது. பார்க்கிறவனுக்கு அவள் பேயாகத் தெரியவேண்டும் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். பிறகுதான் மூலம், மகாவம்சம் என்ற பேச்செல்லாம்.

எதிர்க் கட்சிக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். அவள் விஜயனின் ஆட்களுக்கு எடுத்துக் காட்டிய அரிசி, அவள் தின்ற வணிகர்களின் கப்பல்களிலிருந்து வந்தது என்று மகாவம்சமே சொல்கிறதே? ஆம், சொல்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் மகாவம்சம் எழுதப்படுவதற்குச் சற்று முன்னால், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து தங்கிய சீனத் துறவி பாசியன் எழுதிவைத்ததையும் பக்கத்தில் வையுங்கள். இந்தத் தீவில் ஆதியில் மனிதர் இல்லை, பூதங்களும் நாகங்களும் இருந்தன, பல நாட்டு வணிகர்கள் அவர்களோடு வியாபாரம் செய்தார்கள் என்கிறார் அவர். பூதங்கள் தங்களைக் காட்டிக்கொள்ளாமல் பண்டத்தை விலையோடு வைத்துவிட்டுப் போகுமாம். வணிகர்கள் விலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போவார்களாம். அதே தீவு, அதே வணிகர்கள், அதே இயக்கர். ஒரு வடிவத்தில் வணிகரைத் தின்கிறார்கள், இன்னொன்றில் நாணயமாக விலைபேசுகிறார்கள். வலாஹஸ்ஸ ஜாதகத்தில் சிரீசவத்து என்ற இயக்கர் நகரத்துப் பெண்கள் கரையொதுங்கிய வணிகரை மயக்கி உண்கிறார்கள். மகாவம்சத்திலும் இயக்கர் நகரம் அதே சிரீசவத்துதான். கப்பலேறிப் போன வணிகர்களிடையே உலாவிய ஒரு திகில் கதையின் ஊர், விஜயன் கதைக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது. ஜாதகத்தில் அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் பெயர் இல்லை.

பெயர் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்கிறேன். குவேனியின் வழிகாட்டலில் விஜயன் இயக்கரை வெட்டிச் சாய்த்த இரவு ஒரு கலியாண வீட்டு இரவு. ஏழு நாள் கொண்டாட்டம். மகாவம்சத்தில் அந்த மணப்பெண்ணுக்குப் பெயர் இல்லை. பிற்காலத்தில் மகாவம்சத்துக்கு உரை எழுதிய வம்சத்தப்பகாசினி ஆசிரியர் அவளுக்குப் பொலமித்தா என்று பெயர் சொல்கிறார்; மணமகன் மகாகாளசேனன். குவேனியின் பிள்ளைகளும் நூலில் வெறும் ‘இரண்டு பிள்ளைகள்’. உரையில் மகன் ஜீவஹத்தன், மகள் தீபெல்லா. விஜயன் பிற்பாடு முறைப்படி மணந்துகொண்ட மதுரைப் பாண்டியன் மகளுக்கு, அத்தனை யானை குதிரை, தோழிமார், ஆயிரம் குடும்பங்களோடு வந்து இறங்கிய பட்டத்து ராணிக்கு, மகாவம்சத்தில் பெயர் இல்லை! பேர் சொல்லாத ராணி, பேர் சொல்லப்பட்ட இயக்கி. விகாரையில் இருந்து உரை எழுதிய பிக்கு ஒருவரே பெயரில்லாத இயக்கிக்குப் பெயர் வைத்திருக்கிறார். மக்வயர் செய்ததை மூலத்தைக் கெடுத்தல் என்பவர்கள் அந்த உரையாசிரியரையும் கூண்டில் ஏற்றுவார்களா?

அடுத்தது ‘காட்டிக்கொடுத்தவள்’ என்ற பட்டம். இதுதான் எனக்கு ஆத்திரமூட்டுவது. வாள் கழுத்தில் இருக்கும்போது வாங்கிய வாக்கு அது. அவள் அதைக் காப்பாற்றினாள். விஜயனும் சத்தியம் பண்ணினான் என்கிறது சிங்களக் கதைமரபு; அவன் காப்பாற்றவில்லை. பட்டம் சூட்டிக்கொள்ள அரசகுலப் பெண் வேண்டும் என்றதும் குவேனியை அழைத்து, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடு, மனிதருக்கு உங்களைக் கண்டால் பயம் என்கிறான். ஆயிரம் செலவிட்டுப் பலி தருகிறேன் என்று விலையும் பேசுகிறான். அவள் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கெடுதல் வரும் என்று தெரிந்தே, தன் சனத்திடம் இலங்காபுரத்துக்குப் போகிறாள். பிள்ளைகளை வெளியில் இருத்திவிட்டு உள்ளே போனவளை உளவாளி என்று நினைத்து ஒரு இயக்கன் ஒரே குத்தில் கொன்றுவிடுகிறான். தாய்மாமன்தான் பிள்ளைகளைக் கண்டு, ஓடித் தப்புங்கள் என்கிறான். அவன் அவளைப் போகச் சொன்னதிலிருந்து இவ்வளவும் மகாவம்சத்தில் உள்ளது. விஜயனைத் தூக்கிவைக்க எழுதப்பட்ட நூலே அவள் கெஞ்சியதை விட்டுவிடவில்லை. இன்று நம்மவர் அந்தக் கெஞ்சலை விட்டுவிட்டுக் குத்தை மட்டும் நியாயம் என்கிறார்கள்.

இதற்கு மேலும் பெரிய சாட்சி கண்டியைச் சுற்றிய இந்த மலைப்பிரதேசத்திலேயே இருக்கிறது. கண்டிய நடனத்தின் தாய் என்று கொள்ளப்படும் கொஹொம்ப கங்காரிய சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தோலை கட்டிய மடுவத்தில், வெஸ் முடி தரித்த ஆட்டக்காரர்கள் கெட்ட பெரய மேளத்துக்கு விடிய விடிய ஆடுவது எதற்காக? சத்தியத்தை மீறியதால் விளைந்த குவேனியின் சாபம், ‘திவி தோஷம்’, பின்னால் வந்த பண்டுவாசுதேவ மன்னனை நோயாகப் பிடித்தது. அதைத் தீர்க்க மலய ராசனை வரவழைத்துச் செய்வித்த சாந்தி அது என்பதுதான் அந்தச் சடங்கின் கதை. அதாவது பிழை விஜயன் பக்கம் என்று ஒப்புக்கொண்டால்தான் சடங்குக்கே அர்த்தம். குற்றமற்றவன்மேல் சாபம் பலிக்காது என்பது நம் சனங்களின் நம்பிக்கை. குருநாகல் மாவட்டத்து யக்தெஸ்ஸாகலயைக் காட்டி, குவேனி நின்று சபித்த மலை இதுதான் என்று இன்றும் சொல்வார்கள். ஹென்றி ஜயசேன 1963இல் ‘குவேனி’ நாடகத்தை மேடையேற்றியபோது அவர் புதிதாக எதையும் புரட்டிப்போடவில்லை. கிராமத்துச் சாந்தி மடுவத்தில் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளப்பட்டிருந்த ஒரு வழக்கைத்தான் நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தார்.

தமிழில் இது உண்டா என்று கேட்பவர்கள் ஐஞ்சிறு காப்பியங்களின் பெயரையாவது ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். பழையனூர் நீலியை ஊரறியும். பழிவாங்கும் பேய், எழுபது வேளாளர் உயிர் போனதற்குக் காரணம் அவள் என்பது வழக்கு. அந்த நீலியை எடுத்து நீலகேசிக் காப்பியம் என்ன செய்தது? முனிவரைப் பயமுறுத்த வந்தவள் அவரிடமே அறம் கேட்டுத் திருந்தி, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தரோடும் ஆசீவகரோடும் சாங்கியரோடும் வாதிட்டு வெல்லும் தத்துவவாதியாகிறாள். பேயை அறிஞராக்கிய ஒரு தமிழ்க் காப்பியம் பல நூற்றாண்டுக்கு முன்பே இருக்கும்போது, எல்ஃபபாவைப் பார்த்து இது வெளிநாட்டுச் சரக்கு என்று எப்படிச் சொல்ல வாய்வருகிறது? தென்பாண்டி நாட்டில் அதே நீலி இசக்கி அம்மனாகி, முப்பந்தலில் பூசை ஏற்கிறாள். இயக்கி என்பவளுக்கு நாம் ஒரு பக்கம் கோரைப்பல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் தமிழர்கள் அவளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

சூர்ப்பணகை கதையும் அப்படியே. வால்மீகியில் அவள் தன் சொந்த உருவத்தோடேயே இராமன் முன் வருகிறாள். கம்பர் அவளை அழகியாக்கி, காமவல்லி என்ற பெயரையும் அவள் வாயாலேயே சொல்லவைத்தார். விமலசூரியின் சமண ராமாயணத்தில் அவள் சந்திரநகை. இலக்குவன் கையால் மகனைப் பறிகொடுத்துவிட்டு, கொன்றவனைத் தேடி வரும் தாய். ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர், மூன்று நியாயம். 2011இல் ஏ.கே. இராமானுஜனின் ‘முந்நூறு ராமாயணங்கள்’ கட்டுரையைத் தில்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது, இப்படிப் பல உண்டு என்று சொன்ன குற்றத்துக்காக. ஒரே மூலம் என்ற பிடிவாதம் வெறும் இலக்கிய ரசனை அல்ல, அதிகாரமும் அதற்கு உண்டு என்று அன்று தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிங்களக் கதைமரபில் குவேனிக்கு மூன்று முலை. கணவனாகப் போகிறவனைக் கண்டதும் மூன்றாவது மறைந்துவிடும். மதுரைத் தடாதகைப் பிராட்டியாருக்குத் திருவிளையாடல் சொல்வதும் இதுதானே! அங்கே அவள் மீனாட்சி, உலகாளும் தாய். இங்கே பேய். உடம்பில் ஒரே அடையாளம். யாருடைய ஊரில், யாருடைய வாயில் கதை இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தெய்வமோ பேயோ ஆகிவிடுகிறாள்.

இதைச் சொன்னதும் சந்தோஷப்படும் ஒரு கூட்டமும் நம்மிடையே உண்டு. குவேனி தமிழ் இளவரசி, இயக்கர் தமிழர், ஆகவே தீவு எங்களது என்று எழுதுகிறவர்கள். அவர்களுக்கும் என் மறுப்பு அதே அழுத்தத்தோடுதான். குவேனி என்ன மொழி பேசினாள் என்று எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. யாழ்ப்பாண வைபவமாலை விஜயனையே சிவாலயங்கள் கட்டிய சைவனாகக் காட்டுகிறது. அதை வைத்து அவன் திருநீறு பூசினான் என்று வரலாறு எழுத முடியுமா? பேய் என்று ஒட்டியதைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் நம் இனத்தின் பெயரை ஒட்டுவதும் அவளுடைய கதையைக் கேட்க மறுப்பதுதான். அவளைக் காணிப் பத்திரமாக்க நினைப்பவர்களுக்கு அவள்மீது அக்கறை இருப்பதாக நான் நம்பவில்லை.

பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்ற வாதத்துக்கு நான் அந்த ஒத்திகையில் கேட்ட கேள்வியையே பதிலாக வைக்கிறேன். பத்தாம் தரப் பிள்ளை நூலைப் படித்திருக்கிறாள், பல் இல்லை என்பதைக் கண்டிருக்கிறாள். குழம்பியது அவளல்ல. நல்லது கெட்டது தெரியாமல் போவது கதையை மாற்றிச் சொல்வதால் வருவதில்லை. சத்தியத்தை மீறினவனை வீரன் என்றும், வாக்கைக் காப்பாற்றினவளைத் துரோகி என்றும் மேடையில் காட்டும்போதுதான் வருகிறது.

இந்த மலைநாட்டில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. தப்பி ஓடிய அந்தப் பிள்ளைகள் முதலில் சுமணகூடத்துக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்குப் போனார்கள். வளர்ந்து, அரசனின் அனுமதியோடு மலய தேசத்தில் குடியிருந்து பெருகினார்கள், புளிந்தர் அவர்கள் வழி வந்தவர்கள் என்று மகாவம்சம் முடிக்கிறது. மலய தேசம் என்பது நாம் நிற்கும் இந்த மலைகள்தான். தாயில்லாத இரண்டு பிள்ளைகள் ஒளிந்து வாழ வந்த இடத்தில் இருந்துகொண்டு, அந்தத் தாய்க்கு ரெஜிபோமில் பல் வெட்டுகிறோம்.

அடுத்த தமிழ்மொழித் தினப் போட்டிக்கு விஜயன் நாடகம் பழக்கப்போகும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வசனம் எழுதுமுன் மகாவம்சத்தின் 7ஆம் அத்தியாயத்தை முழுதாகப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், பாதியில் நிறுத்தாமல், அவள் அடிபட்டுச் சாகும் இடம்வரை. பொலமித்தா, ஜீவஹத்தன், தீபெல்லா என்ற பெயர்களை நடிகர் பட்டியலில் சேருங்கள். குவேனியாக வரும் பிள்ளையின் முகத்தில் கரி பூசாதீர்கள். அவள் கையில் ஒரு கதிரும் கொஞ்சம் பஞ்சும் கொடுங்கள்.